எண்ணெய் மிதந்த கிணறும் தண்ணி மிஸ்ஸும்

அத்தர் பூசிய ஆண்களைத் தண்ணி மிஸ் கிணற்றடியில் அண்ட விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்காரர் புதுச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக, மணக்க மணக்க வளவுக்குள் நுழைந்தார். மிஸ் அப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நாநா, அங்கால நில்லுங்க. உங்கட அத்தர் போத்தலுக்குள்ள போனா, கொழும்பில சோதிக்கிற மிசின் குழம்பிப் போகும்."

என் வீட்டுக்காரர் தென்னை மரத்தடியில் போய் நின்றார். போத்தலின் மூடி இறுகி, அது ஐஸ் பெட்டிக்குள் போகும்வரை நின்றார். சொந்த வளவுக்குள் ஒரு பெண் அவரை அப்படி நிறுத்திவைத்தது அதுதான் முதல் தடவை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்து, மீன்பிடிக்கக் கடல் திறந்த காலம் அது. கற்பிட்டிக் கரை முழுக்கப் புதுப் படகுகள், பெரிய எஞ்சின்கள். அவற்றுக்கு டீசல் வேண்டும். மாம்புரியில் எங்கள் தோட்டங்களுக்கு மேற்கே, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முதலாளி காணி வாங்கி எண்ணெய்க் குதம் ஒன்றைக் கட்டினார். வெள்ளை நிறத்தில் பெரிய தாங்கி, சுற்றிக் கம்பி வேலி, பவுசர் லொறி வந்து எண்ணெய் இறக்க ஒரு மேடை. ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைத்தது. நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு ஒரு காலை, என் வீட்டுக்காரர் மிசினைப் போட்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டபோது, பாத்தியில் தேங்கிய தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறங்கள் ஓடின. நான் அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீரை ஒரு மிடறுக்கு மேல் யாராலும் விழுங்க முடியவில்லை. பக்கத்து வளவில் இருந்த மாமி, என் வாப்பாவின் தங்கை, தன் கிணற்றில் வாளியை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாளியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "இஞ்ச பாரு புள்ள, நம்மட கிணத்தில லாம்பு கொளுத்தலாம்" என்றார்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. நாங்கள் முதலாளியின் தாங்கி ஒழுகுகிறது என்றோம். முதலாளியோ, அது உங்கள் தண்ணி மிசின்களுக்கு நீங்களே ஊற்றிச் சிந்திய மண்ணெண்ணெய்தான் என்றார். புத்தளம் சந்தையில் யாரோ "மாம்புரி வெங்காயம் மணக்குது" என்று கதையைக் கிளப்பிவிட, லொறிக்காரர்கள் எங்கள் படலையில் நிற்காமல் போகத் தொடங்கினார்கள். மணல் பூமி எங்களுடையது. கிணறு போனால் தோட்டம் போகும், தோட்டம் போனால் நாங்கள் எங்கே போவது? கடைசியில் அரசாங்கக் கந்தோரில் இருந்து உத்தரவு வந்தது. முதலாளி தன் செலவில் பவுசரில் குடிதண்ணீர் கொடுக்க வேண்டும், தன் செலவில் விசாரிக்க ஆள் கொண்டுவர வேண்டும்.

அப்படி வந்தவர்தான் தண்ணி மிஸ். வேனில் இருந்து இறங்கியபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வயதிருக்குமோ இல்லையோ. ஊசி குத்தி இறுக்கிய பழுப்பு ஸ்கார்ப், கணுக்கால் வரைக்கும் ஆம்பிளைச் சப்பாத்து, தோளில் மாட்டிய நீளமான அளவு நாடா. மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீரைப் படித்தவர் என்று சொன்னார்கள். முதலாளியின் ஆள் முதலாளியின் பாட்டைத்தான் பாடுவார் என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

மாமி சுற்றி வளைக்கவில்லை. நேராகவே கேட்டார்.

"மகள், யாருட பிழை இது?"

"இன்னும் தெரியாது, மாமி."

"கிணத்தப் பாத்தீங்கதானே?"

"பாத்தன். எண்ணெய் இரிக்கு. எங்கேருந்து வந்த என்டு இன்னும் தெரியாது."

அந்த "இன்னும் தெரியாது" என்ற பதில் எங்களுக்குப் பின்னாளில் எவ்வளவு எரிச்சல் மூட்டியது என்று சொல்லி முடியாது. எத்தனை நாளில் முடியும் என்றால் தெரியாது. முதலாளி கள்ளனா என்றால் தெரியாது. வெங்காயத்தை விற்கலாமா என்றால், "சோதிச்சுட்டுச் சொல்றன்." அவருக்குத் தெரிந்ததற்கு ஒரு சொல் கூடவும் சொல்லமாட்டார், ஒரு சொல் குறையவும் சொல்லமாட்டார்.

ஒருமுறை மாமி அவரைக் கையைப் பிடித்து, கிணறுகளுக்கு வெகு தள்ளி இருந்த தன் வாழைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். குலை தள்ளிய மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து கிடந்தன. "இதையும் எழுதுங்க மிஸ். எண்ணெய் குடிச்சுத்தான் இதுகள் செத்த" என்றார் மாமி. மிஸ் கத்தியை வாங்கி, விழுந்த மரமொன்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டினார். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒரு கறுத்த வண்டு வெளியே ஊர்ந்து வந்து அவர் கைமேல் ஏறியது.

"இது எண்ணெய் இல்ல, மாமி. வண்டு."

"எண்ணெய் பட்டுப் பலம் குறைஞ்சதாலதானே வண்டு வந்திருக்கும்?"

"இல்ல. எண்ணெய் இந்தப் பக்கம் வரவே இல்ல. மண்ணத் தோண்டிப் பாத்துட்டன்."

மாமி அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு வாழையக்கூட நமக்கு விட்டுத் தராத மனிசி, கிணத்தையா விட்டுத் தரப் போறா" என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மிஸ்ஸின் ஆட்கள் மணலில் துளையிட்டு, குதத்தைச் சுற்றியும் எங்கள் தோட்டங்களிலும் ஒடுக்கமான பிளாஸ்டிக் குழாய்களை இறக்கினார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மிஸ் அந்த நாடாவை விடுவார். நாடாவின் நுனி எண்ணெயைத் தொட்டால் ஒரு சத்தம், தண்ணீரைத் தொட்டால் வேறு சத்தம். ஒரு குழாயில் இருந்து எடுத்ததும் நாடாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்ததில் விடுவார். ஒரு கிணற்றின் குற்றம் இன்னொரு கிணற்றின் தலையில் விழக்கூடாதாம். வெயிலில் ஆட்கள் களைத்து, கழுவாமல் விடலாம் என்று சொன்ன நாளிலும் அவரே குந்தியிருந்து கழுவினார்.

நிலத்தடித் தண்ணீர் கடலைப் பார்த்துத்தான் ஓடும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்பினார்கள். முதலாளி அதையே பிடித்துக்கொண்டார். குதத்துக்கு மேற்கே கடல், கிழக்கே எங்கள் தோட்டம். என் எண்ணெய் ஒழுகினாலும் கடலுக்கல்லவா போகும், உங்களிடம் எப்படி வரும் என்று கேட்டார். அதையே கொண்டுபோய் மிஸ்ஸிடம் கேட்டோம். இன்னும் தெரியாது என்றார். ஆனால் அன்று ஒரு உதவியும் கேட்டார். ஒரு முழு நாள் எந்தத் தோட்டத்திலும் மிசின் போடக் கூடாது.

கச்சான் என்ற கோடைக் காற்று மண்ணை வறுத்துக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்தார். "வெங்காயம் வாடிடும். உங்கட சோதனைக்கு நாங்க பட்டினி கிடக்கிறதா?"

மிஸ் வாதாடவில்லை. "வாடும்தான், நாநா. ஆனா அதப் பாக்காம என்னால ஒன்டும் சொல்ல ஏலாது" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மாமியின் குரல் வந்தது. அவருக்குக் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்: "ஒரு நாள் தண்ணி இல்லாட்டி வெங்காயம் சாகாது. இந்தத் தண்ணியக் குடிச்சா நாமதான் சாவம். மிசின நிப்பாட்டுங்க எல்லாரும்."

நிறுத்தினோம். மிஸ் காலையில் இருந்து குழாய் குழாயாக ஓடித் தண்ணீர் மட்டத்தை அளந்தார். மறுநாள் எல்லா மிசின்களையும் ஒன்றாகப் போடச் சொல்லித் திரும்பவும் அளந்தார். பின்னேரம் எங்கள் வாசலில் வந்து, ஸ்கார்ப் எல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, மணலில் விரலால் கோடு கீறிக் காட்டினார். மிசின் ஓடாத நாளில் தண்ணீர் கடலைப் பார்த்துச் சாய்கிறது. மிசின்கள் ஓடும்போது எங்கள் பக்கம் சாய்கிறது. கோடை முழுக்க நாங்கள்தான் அதை இழுத்துக்கொண்டிருந்தோம். கொழும்புச் சோதனையும் வந்திருந்தது. கிணற்றில் இருந்தது மண்ணெண்ணெய் இல்லை, டீசல்.

அப்படியென்றால் தாங்கிதான் என்று ஊர் துள்ளியது. மிஸ் தாங்கியைச் சோதித்தார். தாங்கி நன்றாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த மணலும் சுத்தமாக இருந்தது. அதையும் அப்படியே சொல்லிவிட்டார்.

அன்று முதலாளி குதத்துப் படலையில் நின்று எல்லாருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னார்: "கேட்டீங்களா? மிஸ்ஸே சொல்லிட்டா, என்ட பக்கத்தில ஒரு பிழையும் இல்ல."

மிஸ் தன் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். "தாங்கியில இல்ல என்டுதான் சொன்னன், முதலாளி. உங்கட பக்கத்தில இல்ல என்டு நான் சொல்லல்ல."

அடுத்த நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். கந்தோரில் இருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார். பவுசர் நிற்கும் மேடைக்கும் தாங்கிக்கும் நடுவில் நிலத்துக்கடியில் ஒரு இரும்புக் குழாய் போகிறது, அதைச் சோதிக்க வேண்டும் என்றார் மிஸ். அதன்மேல் முதலாளி புதிதாகச் சீமெந்துத் தளம் போட்டிருந்தார். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"தாங்கி முடிஞ்சு, இப்ப குழாய். இந்த ஊர் ஆக்கள் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறீங்க நீங்க. நாளைக்கு அந்த மனிசிட வாழை விழுந்ததும் என்ட குழாயால என்டு சொல்லுவீங்க."

மாமி கதிரையில் இருந்து எழும்பினார்.

"இல்ல முதலாளி. வாழை வண்டு திண்ட. மிஸ் அண்டைக்கே சொல்லிட்டா. எனக்குக் கோவம்தான், ஆனா அது வண்டுதான்."

முதலாளி மாமியைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "வாழையில நியாயம் சொன்னவ என்டா, சரி, குழாயையும் பாருங்க" என்றார்.

குழாயைக் காலியாக்கி, இரண்டு தலையையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். அழுத்தத்தைக் காட்டும் மணிக்கூடு மாதிரி ஒரு கருவி ஒரு பக்கத்தில் பொருத்தியிருந்தது. குழாய் நல்லதென்றால் முள் அசையாது என்று மிஸ் முன்னமே எல்லாருக்கும் சொல்லியிருந்தார். முதலாளி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். முதலில் அசையவில்லை. பிறகு, தூங்கி விழுகிறவன் தலை சரிவதுபோல, முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

திரும்ப ஏற்றச் சொன்னார் முதலாளி. திரும்பவும் இறங்கியது.

முதலாளி எழும்பினார். சேர்ட்டின் கையை மடித்து, இரும்பு அலவாங்கை வேலையாளிடமிருந்து பிடுங்கி, தான் போட்ட சீமெந்துத் தளத்தில் முதல் குத்தைத் தானே குத்தினார். தோண்டியபோது, குழாயின் முழங்கை மூட்டொன்று உப்புத் துருவில் அரித்து, அடி மணல் கறுத்துக் குழைந்து கிடந்தது. நாற்றம் வேலி தாண்டி எங்களிடம் வந்தது. அப்படி ஒரு நாற்றத்தை முகர்ந்து ஊர் சந்தோஷப்பட்டது உலகத்தில் எங்காவது நடந்திருக்குமோ தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் நடந்தது. மாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முதலாளி அதன் பிறகு வேறு மனிதர். பெரிய மிசின்களைக் கொண்டுவந்து, ஒரே மூச்சில் அத்தனை தண்ணீரையும் உறிஞ்சி வெளியே கொட்டுவோம் என்று நின்றார். ஊரும் அதையே விரும்பியது. மிஸ் மட்டும் வேண்டாம் என்றார்.

"நம்மட நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு மெல்லிசான பாய் மாதிரி. மேலருந்து பலமா இழுத்தா கீழ இரிக்கிற உப்பு மேல வந்துடும். எண்ணெய எடுக்கலாம். உப்ப எடுக்க ஏலாது."

ஆகவே மெதுவாகத்தான் வேலை நடந்தது. கறுத்த மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் மட்டத்தில் மிதந்த எண்ணெயை மட்டும் வழித்தெடுத்துப் பீப்பாய்களில் நிரப்பினார்கள். மிச்சத்துக்கு, மண்ணுக்குள் குழாய் இறக்கிக் காற்று ஊதினார்கள். எதற்கு என்று மாமி கேட்டதற்கு மிஸ் சொன்னார்: "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இரிக்கு, மாமி. அதுகளுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. மூச்சு விடத்தான் காத்துப் போதாது."

"அப்ப நீங்க கொழும்பிலருந்து வந்தது கிருமிக்கு விசிறி வீசவா?"

"ஓம், மாமி" என்றார் மிஸ். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மாமிதான் சிரித்துச் சிரித்து இருமினார்.

மாரி தொடங்குமுன் கிணற்றில் மணம் போய்விட்டது. நிறமும் இல்லை. முதலாளிக்கு ஒரே புளகாங்கிதம். மாடு அறுத்து ஊருக்கே சாப்பாடு போடப்போவதாகவும், மிஸ் எழுந்து நின்று கிணறு சுத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் கேட்டார். நாங்களும் கெஞ்சினோம். லொறிக்காரர்கள் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார்கள்.

"மழை பெய்யட்டும்" என்றார் மிஸ். "மண்ணில ஒட்டின எண்ணெய் இன்னும் இரிக்கலாம். தண்ணி மட்டம் உயர்ந்தா தெரியும்."

என் வீட்டுக்காரர் அன்று கோபத்தில் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. "பிள்ளப்பெத்த வீட்டில வந்து நின்டு, இன்னும் பிறக்கல்ல என்டு சொல்ற மனிசி" என்றார்.

மாரி வந்தது. மழைக்குத் தண்ணீர் மட்டம் உயர்ந்து, ஒரு காலை நான் வாளியை இழுத்தபோது அந்தப் பழைய மணம் முகத்தில் அடித்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு எண்ணம் வந்தது. மிஸ் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால்? காற்றூதும் மிசின் போயிருக்கும், வேனும் போயிருக்கும், முதலாளியின் கணக்கும் முடிந்திருக்கும். கிணறு சுத்தம் என்ற கடதாசி மட்டும் எங்களிடம் இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்த மனிதரே அன்று மழையில் நனைந்து போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். "மிஸ், நீங்க சொன்ன மாதிரியே வந்திட்டு. கெதியா வாங்க" என்றார்.

வந்தார். இன்னும் சில குழாய்கள் இறக்கினார். அடுத்த கோடை முழுக்க அந்தக் காற்று மிசின் உறுமிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அது பழகிப்போய், நின்றால்தான் பிள்ளைகள் என்னவோ என்று பார்த்தார்கள். அடுத்த மாரியும் வந்தது. தண்ணீர் உயர்ந்தது. நான் வாளியை இழுத்து முகர்ந்தேன். மழை மணம் மட்டும் இருந்தது. மாரி முடியும்வரை மிஸ் வந்து வந்து போத்தல்களில் எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகியிருந்தோம்.

ஒரு நாள் பின்னேரம் வேன் வந்து நின்றது. மிஸ் இறங்கி நேராக, என்னோடு நின்ற மாமியிடம் போனார்.

"மாமி, குடிக்கலாம். உங்கட கிணறு, ராத்தாட கிணறு, எல்லாம் நல்ல தண்ணி. உப்பும் இல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்றபடி மாமி மிஸ்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். செய்தி வேலி வேலியாகப் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தோட்டத்தில் மிசின் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு அடுத்ததில், பிறகு எல்லாத் தோட்டங்களிலும். பாத்திகளின் மேல் தண்ணீர் விசிறிச் சுழன்றது. முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் வாசலில் நின்று, "எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்துங்க, இந்தக் கிணத்துத் தண்ணியில" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வாரமே லொறிகள் படலையில் நின்றன.

எல்லாரும் கலைந்த பிறகு மிஸ் என்னிடம் வந்து, சிறு பிள்ளைபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ராத்தா, நான் இந்தக் கிணத்தில ஒருக்காக் குளிக்கட்டா?"

நான் ஓலை வேலி மறைப்பை இழுத்துக் கட்டினேன். என்னுடைய குளிக்கிற துணியைக் கொடுத்தேன். ஸ்கார்ப்பும் சப்பாத்தும் இல்லாமல் அவரைப் பார்த்தபோது, இவ்வளவு மெலிந்த பிள்ளையா இத்தனை பேரோடு மல்லுக்கட்டியது என்று இருந்தது. முதல் வாளியைத் தலையில் ஊற்றினேன். மூச்சை இழுத்துக்கொண்டு சிரித்தார். அத்தனை நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது வாளியை நிரப்பும்போது தானாகவே சொன்னார். சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது இடுப்புப் பிள்ளையாக வந்தவராம். புத்தளத்து முகாமில் வளர்ந்தவராம். "ஒரு வாளித் தண்ணிதான் ராத்தா. அதிலதான் உம்மா எங்க எல்லாரையும் குளிப்பாட்டுவா. எனக்குத் தலையில ரெண்டு கோப்பை, உடம்பில ரெண்டு கோப்பை."

வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஈரக் கையால் முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு எண்ணாம ஊத்துங்க, ராத்தா."

ஊற்றினேன். கை ஓயும்வரை ஊற்றினேன். நான் ஓய்ந்தபோது மறைப்பை விலக்கிக்கொண்டு மாமி உள்ளே வந்து, என்னிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.